சித்தப்பாவும் சங்கத்து மைக்கும்

மும்பை தாராவியில் எங்கள் தமிழ்ச் சங்கக் கட்டடத்து மைக்கின் சுவிட்சைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து தகரம் தெரியும். அதை என் சித்தப்பா கட்டைவிரலால் நிறுத்தியபோது வந்த 'டக்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நீளமான தமிழ்ச் சொல்லை வாசகர் எப்படிப் பிரித்துப் படிக்கிறார் என்று கம்ப்யூட்டரில் கணித்துப் பார்ப்பது என் வேலை. எந்த இடத்தில் கண் தயங்கும் என்பதை என் புரோகிராம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தப் புரோகிராமுக்குள் இரண்டு வாசகர்களை உருவாக்கி வைத்திருக்கிறேன். ஒருவர் நிறையப் படித்தவர். எவ்வளவு நீளமான சொல்லும் அவருக்குத் தெரிந்த முகம்தான். மற்றவர் ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, அர்த்தம் பார்த்து, மறுபடி கோத்துத்தான் நகர்வார். அந்த இரண்டாமவர் நான். இந்தி மீடியத்தில் படித்துவிட்டு, கல்லூரிக்குப் பிறகு தமிழ் எழுத்தைக் கற்றவள். என் தடுமாற்றத்தை அளந்துதான் அவரைச் செய்தேன். அது நான்தான் என்று சொல்ல வெட்கப்பட்டு, அலுவலகத்தில் அவரை 'மும்பை வாசகர்' என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

தோல் பட்டறை வைத்திருந்த சித்தப்பாவுக்கு இது தெரியாது. "எங்க அண்ணன் மவ கம்ப்யூட்டருக்கே தமிழு சொல்லிக்குடுக்கா" என்று செம்பூர் வரைக்கும் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் கல்யாணம் சங்கத்தில் நடந்தபோது, வாழ்த்து மடலைக் கையில் கொடுத்து என்னை மேடையேற்றினார். மறுக்க வாய் வரவில்லை. முதல் வரியிலேயே 'பெருமகிழ்ச்சியடைகிறோம்' வந்து நின்றது. பெரு என்றேன். மகிழ்ச்சி என்றேன். அதற்கு மேல் கோக்க வரவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா மேடைக்கு வந்தார், என் முகத்தைப் பார்த்தார், மைக்கை நிறுத்தினார்.

"மைக்குல கோளாறுய்யா. எல்லாரும் சாப்பிட வாங்க" என்று உரக்கச் சொன்னார்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னாரே தவிர, என்ன ஆயிற்று என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எல்லோரும் மைக்செட்காரரைத் திட்டினார்கள், நானும் தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போன மாதம் சித்தப்பா இறந்துபோனார். நினைவுக் கூட்டத்துக்கு அதே கட்டடம், அதே மைக். அவர் பரப்பிவிட்டுப் போன பெருமையை நம்பி, அஞ்சலித் தாளை என்னிடம்தான் கொடுத்தார்கள். 'மறக்கமுடியாதவராகிவிட்டார்' என்ற சொல்லில், என் புரோகிராம் சொல்லும் அதே இடத்தில் நின்றேன். மறக்க. முடியாதவர். சித்தப்பாவின் மகள் எழுந்து வந்து, அவரைப் போலவே சுவிட்சை நோக்கிக் கை நீட்டினாள்.

"வேண்டாம். மைக் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தமிழ் வாசிக்க சரியா வராது" என்றேன்.

அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முகத்தை நிமிர்த்த முடியாமல், துண்டு துண்டாக, தாளை முடிக்கும்வரை வாசித்தேன்.