முதுகில் ஒரு சிட்டிகை மரத்தூள்

காலையில் வேலைக்குப் போனதும் நான் செய்கிற முதல் காரியம், குளிர் அறையில் சுருண்டு கிடக்கும் அணில்களின் முதுகைப் பார்ப்பது. முந்தின நாளே ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிட்டிகை மரத்தூள் வைத்துவிட்டு வந்திருப்பேன். திருநீறு எடுப்பதுபோல மூன்று விரலால் எடுத்து, மெதுவாக வைக்க வேண்டும். மறுநாள் தூள் வைத்தபடியே இருந்தால் அது அசையவில்லை என்று பொருள். உதிர்ந்திருந்தால் இடையில் ஒருதடவை எழுந்திருக்கிறது. நம்மூரில் ஒரு உயிர் அசையாமல் கிடந்தால் பதறுவோம். இங்கே அசைந்துவிட்டதோ என்று பதற வேண்டும். பதறுவது எனக்குப் புதிய வேலை இல்லை என்பதால் ஒருமாதிரி ஒத்துப்போகிறது.

நான் இருப்பது கனடாவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக வயல் கிடக்கும் ஊரில். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாபநாசத்தில் ஓட்டலில் பரோட்டா போட்ட கை, சமையல்காரன் விசாவில் இங்கே வந்தது. இடுப்பு விட்டுப்போனபிறகு, இந்தக் குளிர்காலம்தான் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கூண்டு சுத்தம் செய்கிற வேலை கிடைத்தது. மனைவி மல்லிகா ஊரில் இருக்கிறாள். வயலும் அவள் பொறுப்பு. மகள் நிவேதா பன்னிரண்டாவது படிக்கிறாள். பொங்கலுக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டேன். போட்டதை மல்லிகாவிடம் சொன்னேன். "இந்தத் தடவை வராம இருக்க முடியுமாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் கார்த்திகை முழுவதும் வேலைக்குப் போய் வந்தேன். ஏன் என்று கேட்டதற்கு, நிவேதாவுக்குப் பரீட்சை வருது என்றாள். பரீட்சைக்கும் அப்பா வருவதற்கும் என்ன? மூன்று வருடமாகப் பார்க்காத மனிதனை வேண்டாம் என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால், நான் இல்லாத வீடு அவளுக்குப் பழகிவிட்டதா? பஸ்ஸில் யோசிப்பேன். கூண்டு கழுவும்போது யோசிப்பேன். உள்ளங்கையில் அரிப்பு வந்தால்கூட அது ஏதோ நோயின் ஆரம்பம் என்று நினைக்கிறவன் நான். இது உள்ளங்கை அரிப்பு இல்லையே.

அந்த அணில்கள் நம்மூர் அணில் இல்லை. மரம் ஏறாது, தரையில் வளை தோண்டி வாழும். முதுகு நெடுகக் கோடும் புள்ளியும். கோடையில் தின்று தின்று உருண்டையாகிவிட்டு, குளிர் வந்ததும் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். தொட்டால் ஃபிரிட்ஜில் வைத்த கத்தரிக்காய் மாதிரி இருக்கும். நெஞ்சு எப்போதாவது ஒருதடவை துடிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கே ஆராய்ச்சி செய்கிற எமிலியிடம், தூங்குகிறதா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இது தூக்கம் இல்லை என்றாள். அப்போ செத்துப்போச்சா என்றேன். சிரித்துக்கொண்டே இல்லை என்றாள். தூக்கமும் இல்லை, சாவும் இல்லை. பிறகு என்னதான் என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. வீட்டுக்கு வந்து குழம்பினேன்.

பின்னால் எமிலி படம் போட்டுக் காட்டி, போனில் தமிழாக்கிக் காட்டி விளக்கினாள். உடம்புக்குள் ஜீன் என்று இருக்கிறதாம். அந்த அணிலிடம் கோடையிலும் அதே ஜீன்கள்தான், குளிரிலும் அதே ஜீன்கள்தான். எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. வாய்க்கால் அதே வாய்க்கால்தான். எந்த மதகைத் தூக்கியிருக்கிறார்கள், எதை இறக்கியிருக்கிறார்கள் என்பதில்தானே வெள்ளாமை. குளிர் வரும் முன்பே சர்க்கரையை எரிக்கும் மதகு இறங்கி, கொழுப்பை எரிக்கும் மதகு ஏறிவிடுகிறது. உடம்பு முழுக்கச் சில்லிட்டபிறகு அநேகமாக எல்லா மதகும் மூடிக்கொள்கிறது. ஏற்கெனவே ஓடிய தண்ணீரில் தேங்கியதைக் கெடாமல் காப்பாற்றி வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. அப்படியே ஒரேயடியாகக் கிடப்பதும் இல்லை. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை தானாகவே எழும். உடம்பு கொதிகொதியென்று சூடேறும், மூடியதெல்லாம் திறக்கும், தீர்ந்துபோனதெல்லாம் நிரம்பும். ஒரு பொழுதுக்குள் மறுபடி மூடிக்கொள்ளும். முறைத் தண்ணீரேதான். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடம் இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் அடுத்தவனுக்கு என்று முறை வைத்துவிடுவார்கள் அல்லவா. நம் முறை வந்துவிட்டால் சோறு தண்ணி இல்லாமல் வரப்பிலேயே கிடப்போம். பாய்ச்சல், சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

அப்படி எழுகிற நேரத்துக்குத்தான், கோடை முழுக்கச் சேர்த்த கொழுப்பில் பெரும்பகுதி செலவாகிறது என்று எமிலி சொன்னாள். சும்மா கிடப்பதற்கு ஒன்றும் பெரிதாக ஆகாதாம். அன்று அது காதில் விழுந்ததே தவிர, மனதில் விழவில்லை.

டிசம்பர் நடுவில் ஒரு காலை. மூலைக் கூண்டில் ஒரு அணில் மல்லாக்கச் சரிந்து கிடந்தது. சுருளவில்லை, தூள் முதுகில் இல்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது. எமிலி இன்னும் வரவில்லை. எடுத்துப் பார்த்தேன், நெஞ்சில் விரல் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. அடைமழையில் ஆடு குட்டி போட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? குட்டி சில்லிட்டுக் கிடந்தால் வைக்கோலை அள்ளி உடம்பெல்லாம் தேய்ப்போம், வாயருகே ஊதுவோம், மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்காருவோம். என் கை என்னைக் கேட்கவில்லை. கூண்டில் கிடந்த மரச்சீவலை எடுத்துத் தேய்த்தேன். உள்ளங்கையில் பொத்தி ஊதினேன். சில்லிட்டது என்றால் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று மட்டும்தான் எங்கள் ஊர்க் கைக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அது நடுங்கத் தொடங்கியது. முதலில் நெஞ்சுப் பக்கம் மட்டும் சூடேறியது. பின்னங்கால் அப்போதும் ஐஸ். அந்தச் சின்ன உடம்பு மோட்டார் மாதிரி உதறியது. உள்ளே வந்த எமிலி பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "டெட். ஐ திங்க் டெட்," என்றேன். அவள் திட்டவில்லை. சாகவில்லை, சும்மா சரிந்து கிடந்திருக்கிறது, நீதான் எழுப்பிவிட்டாய் என்று சொல்லி, கூண்டில் வைக்கச் சொன்னாள். அது கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. தின்னும், ஓடும் என்று எதிர்பார்த்தேன். திரும்பவும் சுருண்டு படுத்துவிட்டது. நல்லவேளை, பழையபடி குளிர் நிலைக்கே போய்விட்டது என்று கும்பிட்டேன். எமிலி தலையாட்டி மறுத்தாள். இதுதான் தூக்கம் என்றாள். அந்தக் குளிர் நிலையில் அதனால் சரியாகத் தூங்க முடியாதாம். எழுந்து, சூடாகி, அத்தனை கொழுப்பையும் எரித்துவிட்டு, அந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தூங்கித்தான் தீர்க்குமாம்.

நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். போன தடவை ஊருக்குப் போனபோது இரண்டு நாள் எழவே இல்லை. மூன்றாம் நாள் மல்லிகா காபி டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்துவிட்டு, "தூங்கறதுக்கா கடல் தாண்டி வந்தீங்க? அங்க பாய் கிடையாதா?" என்றாள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாளெல்லாம் ஒரே ஓட்டம். கும்பகோணத்துக்குத் துணி எடுக்க, சொந்தக்காரர் வீடுகளுக்கு, வயல் தகராறைப் பேச. நிவேதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். கிளம்பும் நாளில் அவளுக்குக் காய்ச்சல்.

"இந்த அணிலு வசந்தம் வரைக்கும் தாங்குமா?" என்று எமிலியிடம் கேட்டேன்.

"கூடுதலா ஒரு தடவை எழுந்தா தாங்கும். அடிக்கடின்னா தாங்காது," என்கிற அர்த்தத்தில் சொன்னாள்.

மறுநாள் காலை, அங்கே அந்தி நேரம், மல்லிகாவைக் கூப்பிட்டேன். வரப்பில் நின்று பேசினாள். பின்னால் தவளைச் சத்தம். சண்டை போடாமல் சொல், நான் வந்தால் என்ன ஆகிறது என்று கேட்டேன்.

"நீங்க வந்தா வீடு கல்யாண வீடா ஆயிடுதுங்க. சந்தோஷம்தான். நீங்க ஏரோப்ளேன் ஏறிடுறீங்க, பந்தலைப் பிரிக்கிறது யாரு? நாந்தான். போன தடவை இந்தப் பொண்ணு ஒரு மாசம் புஸ்தகத்தைத் தொடல. எனக்கே சோறு ரெண்டு ஆளுக்கு வடிக்கிறதா மூணு ஆளுக்கான்னு மறந்துபோயிடும். இப்ப அதுக்குத் தெம்பு இல்லைங்க எனக்கு."

அணில் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நான் ஒரு மாசமா சொல்றேன். அணிலு சொன்னாத்தான் காதுல ஏறுதா?"

"நான் வரல, மல்லி."

வேண்டாம் என்று சொன்னவளுக்கும் அந்தச் சொல் இறங்க நேரம் பிடித்தது. மூக்கை உறிஞ்சினாள். "கோவமா?" என்றாள். இல்லை என்றேன். "டிக்கெட்டைக் கோடைக்கு மாத்துங்க. அவ பரீட்சை முடிஞ்சிருக்கும். பத்து நாளு பதினஞ்சு நாளுன்னு வராதீங்க. லீவு சேத்துக்கிட்டு வாங்க. மொதல்ல தூங்குங்க, எத்தனை நாளு வேணாலும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." பின்னாலிருந்து நிவேதா, "டம்ளரும் வைக்காத அம்மா," என்று கத்துவது கேட்டது.

அன்று வேலைக்குப் போனபோது மூலைக் கூண்டு அணில் சுருண்டு சில்லிட்டிருந்தது. மூன்று விரலால் எடுத்து முதுகில் தூள் வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன், ஒரு துணுக்கும் உதிரவில்லை. ஒரு உயிர் அசையாமல் கிடந்ததற்காக வாழ்நாளில் முதல்முறை நிம்மதிப்பட்டேன். நிம்மதி பஸ் நிறுத்தம் வரைதான் இருந்தது. கோடைக்குள் யாருக்கு என்ன ஆகுமோ, லீவு கிடைக்குமோ என்று மறுபடி ஆரம்பித்துவிட்டது.

பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. பாபநாசத்தில் இந்நேரம் விடிகாலை; அவள் எழுந்து வாசல் தெளித்துவிட்டு, இரண்டு ஆளுக்கு உலை வைத்திருப்பாள். அளவு தப்பியிருக்காது. பஸ் வந்தபோது ஓட்டுநர் என் தோளைக் காட்டி, தட்டிவிட்டு ஏறு என்று சைகை காட்டினார். குனிந்து பார்த்தேன். இரண்டு தோளிலும் விரல் கனத்துக்குப் பனி, விழுந்தபடியே, கலையாமல் இருந்தது. தட்டாமல் ஏறி, கடைசி இருக்கையில் அசையாமல் உட்கார்ந்துகொண்டேன்.