பேய் தின்னும் சத்தம்

தையல்காரிக்குத் தன் கணவரிடம் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: அவர் சாப்பிடுவது. குடி இல்லை, கைநீட்டும் பழக்கம் இல்லை. சினிமா ஸ்டூடியோவில் தச்சு வேலை. ஆனால் தட்டின் முன் உட்கார்ந்துவிட்டால் போதும். சளப் சளப்பென்று மென்று, எலும்பை உறிஞ்சி, பல்லிடுக்கை நாக்கால் துழாவி... சீ! அவளுக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். கல்யாணமான நாளிலிருந்து அரைவயிறுதான்.

"தனியா சாப்பிடுங்களேன்" என்றால், "நான் என்ன நாயா?" என்பார். பக்கத்து வீட்டில் சொன்னாலோ சிரிப்பு. "தங்கமான மனுஷனைக் கட்டிக்கிட்டு, இதெல்லாம் ஒரு குறையா?"

படங்கள் பேச ஆரம்பித்த புதிது அது. ஒரு மதியம், சவுண்டுக்காரர் மைக்கை நிறுத்த மறந்து காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார். செட்டுக்குப் பின்னால் தச்சர் சாப்பாட்டைப் பிரித்தார். சற்று நேரத்தில் சவுண்டுக்காரர் கருவியை வீசிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

டைரக்டருக்குக் கொண்டாட்டம். எடுத்துக்கொண்டிருந்தது பேய்ப் படம். பிணம் தின்னும் பேயாக நடித்தவரோ மகா நாசூக்கு. அவர் மென்றால் முயல் புல் தின்பது போலிருந்தது. தச்சர் முன்னால் வெந்த இறைச்சியும் அழுகிய பழமும் வைத்து, பேய்க்கு அவர் வாயை இரவல் வாங்கினார்கள்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. தையல்காரியும் போனாள். பேய் குனிந்து முதல் கடி கடித்ததும் கொட்டகையே முகத்தைச் சுளித்தது. ஒருத்தி கைக்குட்டையில் வாந்தியெடுத்தாள். எழுந்து நின்று, "இப்பவாவது தெரியுதா?" என்று கத்த வேண்டும் போலிருந்தது தையல்காரிக்கு.

தச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலும் பேய்க்குப் போட்டியாக மென்றார். "ஊரே டிக்கெட் வாங்கிக் கேக்குது, உனக்கு இலவசம்!"

அடுத்த படத்தில் பேய்க்குப் பெண்டாட்டி உண்டாம்; அதற்கொரு பெண் வாய் வேண்டுமாம். தச்சர் இவளைக் கூப்பிட்டார்.

"சீ, அந்தக் கருமத்துக்கு நானா?" என்றவள், சட்டென்று யோசித்தாள். "சரி, வரேன். ஆனா அன்னியிலேர்ந்து நீங்க தட்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிடணும். சம்மதமா?"

டைரக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்ட மனுஷன், வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

மைக் முன்னால் உட்கார்ந்ததும் கேட்டாள், "அவர் மாதிரி சத்தம் போடணுமா?"

"அது அப்புறம்மா. முதல்ல வீட்ல சாப்பிடற மாதிரி சும்மா சாப்பிடுங்க, மைக்குல சத்தத்தோட அளவு பார்த்துக்கறோம்" என்றார் சவுண்டுக்காரர்.

அடக்க ஒடுக்கமாக நாலு வாய் சாப்பிட்டாள். பதிந்ததைப் போட்டுக் காட்டினார்கள். அதே சளப், அதே உறிஞ்சல். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பாப் போட்டுட்டீங்க. இது என் வீட்டுக்காரரோடது."

சவுண்டுக்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார், "இல்லம்மா. இது இப்ப நீங்க சாப்பிட்டதுதான்."

"இதுவே போதும்! நடிக்கவே வேண்டாம்!" என்று டைரக்டர் கைதட்டினார்.

அன்று சாயங்காலம் தச்சர் சொன்ன சொல் தவறாமல் தட்டோடு வெளியே போனார். சமையலறையில் அவள் மட்டும். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். சளப். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மென்றாள். சளப். உள்ளங்கையில் துப்பிவிட்டு, எச்சில் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக எதிரே உட்கார்ந்து இதைக் கேட்ட மனுஷன், ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.