செல்வியின் மூன்று ஸ்லைடுகள்

சாயம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நம்பினேன்.

எண்பதுகளில் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். பிறந்து ஆறு நாளான செல்வியின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பெரிய பெரிய பிளாஸ்ட் செல்கள், முதிராத ரத்த அணுக்கள். ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு இருப்பதுபோல. ஆறு நாள் பிள்ளைக்கா?

செல்களுக்கு நிறமேற்றும் சாயத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன். அப்படியேதான் இருந்தது. ஸ்லைடு மாறியிருக்குமோ? எங்கள் வழக்கப்படி, காய்ந்த ரத்தத்தின் தடித்த ஓரத்திலேயே பென்சிலால் பெயர் கீறியிருந்தேன்: செல்வி. என் கையெழுத்தே எனக்கு எதிர்ச் சாட்சி. கடைசியில், ஒப்பிட்டுப் பார்க்க என் விரலையே குத்தினேன். அதிலும் பெரிதாக ஒரு செல்! உயில் எழுத என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் லேப் டாக்டரம்மா வந்தார்.

"யோவ், இது மோனோசைட். எல்லார் ரத்தத்துலயும் இருக்கும். எந்திரி."

செல்வியின் ஸ்லைடைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. செல்விக்கு டவுன் சிண்ட்ரோம்.

"இந்தப் பிள்ளைகள்ல சிலருக்குப் பிறந்ததும் இப்படி வந்து, தானாப் போயிரும். ஆனா அதுல சிலருக்குப் பின்னால நிஜமாவே ரத்தப் புத்துநோய், லுகீமியா வரும். மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பாக்கணும். அப்பாகிட்ட நானும் சொல்றேன், நீயும் சொல்லு."

அப்பா பாண்டி, கப்பலூர்ப் பட்டறையில் லேத் ஓட்டுபவர். இரண்டாம் மாதம் பார்த்தால் ஸ்லைடு சுத்தம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, இனியும் குத்தணுமா? ஒரு சொட்டு ரத்தத்துக்கு எம்புட்டு அழுகுறா பாருங்க."

"எதுக்கு மாப்ள? அதான் எல்லாம் போயிருச்சே. புள்ளையத் தூக்கிக்கிட்டு விளாங்குடி வீட்டுக்குக் கெளம்பு. இங்கிட்டு எட்டிப் பாத்த, வெரட்டி விட்ருவேன்."

டாக்டரம்மா சொன்னதைவிட நான் சொன்னது அவருக்கு இனித்தது. அதன்பின் வரவில்லை. நானும் தேடவில்லை.

ஒன்றரை வயதில் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவள் காலெல்லாம் நீலத் திட்டுகள். விரலைக் குத்தியபோது அழக்கூட இல்லை.

"வெரட்டிராதீங்கண்ணே," என்றார் பாண்டி.

பென்சிலால் பெயரைக் கீறினேன். கோணலாக வந்தது. சாயம் அன்று காலைதான் கலக்கியது. அதன்மேல் பழி போட வழியில்லை.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று: ஸ்லைடு அன்றைய ரத்தத்தை மட்டுமே காட்டும். அதற்கு மேல் வாயால் ரிப்போர்ட் கொடுக்காதீர்கள்.

செல்விக்கு வந்திருந்தது லுகீமியா. இந்த முறை அது தானாகப் போகவில்லை.