வீடியோவில் சொன்னால் புகார் ஆகாது

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. சமையலறைச் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் போகலாம், அவ்வளவுதான் இடம். மேட்டுக்கு மேலே அரசாங்க ரோடு. ரோட்டோரக் கால்வாய் அடைத்துப் போய், மழைத் தண்ணீர் எல்லாம் எங்கள் மேட்டில் இறங்கியது. மேடு வெடித்தது. முதலில் வெடிப்பில் விரல் நுழைந்தது. பிறகு கை நுழைந்தது.

என் வீட்டுக்காரருக்கு வாதம். வலது பக்கம் வராது, பேச்சும் சரியாக இல்லை. மண் சரிந்தால் நான் ஓடிவிடுவேன். அவரால் முடியாது. என் பயம் இவ்வளவுதான்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னேன்.

“ரோடு தோட்டத்துது இல்லம்மா. ஒய்.பி.கிட்ட சொல்லுங்க” என்றார்.

ஒய்.பி. என்றால் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர். நாங்கள் போவதற்கு முன்னால் அவரே வந்தார். வாரம் ஒரு வீடியோ போடுகிறவர் அவர். அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் எடுக்க வந்தார். கூட கேமராவோடு ஒரு பெண் வந்திருந்தாள்.

நான் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தேன். கையில் தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்திரி.

“ஆன்ட்டி, கத்திரி வேணாம். கூடை இருக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“கூடையில யாரும்மா இப்ப எடுக்கிறா? கத்திரியும் மெசினும்தான்.”

“வீடியோவுக்கு அழகா இருக்கும் லா.”

காரிலிருந்து ஒரு கூடையை எடுத்தாள். ஸ்ட்ராபெர்ரி கடைகளில் சுற்றுலா வருபவர்கள் மாட்டிக்கொண்டு படம் எடுப்பார்களே, அந்தக் கூடை. மாட்டிக்கொண்டேன். பக்கத்து லைனில் இருந்த வங்காளதேசத்துக்காரர்கள் சிரித்தார்கள். மேடு முக்கியம் என்று நின்றேன்.

“எப்படி இருக்கீங்க அக்கா?” என்று ஒய்.பி. கேட்டார்.

“நல்லா இருக்கோம் ஐயா. வந்ததுக்கு ரொம்ப நன்றி.”

வீடு தேடி வந்தவரிடம் எடுத்த எடுப்பில் குறை சொல்ல எங்களுக்கு வராது. டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்த பிறகுதான் மேட்டைச் சொன்னேன். பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். சேறாக இருந்தது. அவர் தம் சப்பாத்தைப் பார்த்தார், வீட்டு மூலையிலேயே நின்றுவிட்டார். அந்தப் பெண் மட்டும் கேமராவோடு உள்ளே வந்தாள். வெடிப்பில் முழங்கைவரை கையை விட்டுக் காட்டினேன். வீட்டுக்குள் கூட்டிப்போய் வீட்டுக்காரர் கட்டிலையும் காட்டினேன். எல்லாவற்றையும் எடுத்தாள்.

“கவலைப்படாதீங்க அக்கா. நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிப் போனார் ஒய்.பி.

பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே ஒரு புகார் மனு எழுதி, லைன் ஆட்களிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். அதைக் கொண்டு வந்து, “இதை டவுன்ல கொடுக்கணுமா?” என்று கேட்டார்.

“எதுக்கு? நேர்ல வந்துட்டாரு. வீடியோவுலயும் சொல்லியாச்சு” என்றேன்.

தப்பு என்னுடையது. இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வீடியோ வந்தது. லைனில் சிக்னல் கிடைக்காது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று அக்காவின் போனில் பார்த்தோம். முதலில் உடம்பு இளைக்கிற மாத்திரைக்கு விளம்பரம். அது முடிந்த பிறகுதான் நான் வந்தேன், கூடையோடு. பின்னால் பாட்டு. “நல்லா இருக்கோம் ஐயா. வந்ததுக்கு ரொம்ப நன்றி.” அப்புறம் பனி, மலை, ஒய்.பி. டீ குடிப்பது. முடிந்தது.

மேடு இல்லை. கட்டில் இல்லை.

“மறுபடி போடுங்க” என்றேன். மறுபடியும் மாத்திரை. மறுபடியும் நன்றி சொன்னேன்.

கீழே யாரோ எழுதியிருந்தார்கள், ஆன்ட்டி முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்று.

“நீ சொல்லு, நான் தட்டுறேன்” என்றார் அக்கா. மண்மேடு வெடித்திருக்கிறது, அதை ஏன் வெட்டினீர்கள் என்று எழுதச் சொன்னேன். பதிலுக்குக் கும்பிடும் கை ஒன்று வந்தது, ஓர் இதயமும் வந்தது. மறுநாள் பார்த்தால் நாங்கள் எழுதியதே இல்லை.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் டவுனுக்கு, தானா ராத்தாவில் இருக்கும் ஒய்.பி.யின் சேவை மையத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவன் சிரித்தான்.

“வாங்க ஆன்ட்டி. வீடியோல பார்த்தேன். பேமஸ் ஆயிட்டீங்க.”

“என் புகார் என்ன ஆச்சு?”

“புகார் நம்பர் சொல்லுங்க.”

“நம்பர் இல்ல. ஒய்.பி.கிட்டயே சொன்னேன். கூட வந்த பொண்ணு கேமராவுல எடுத்துச்சு.”

“வீடியோ வேற, புகார் வேற ஆன்ட்டி. பாரம் நிரப்பணும்.”

“அப்ப வெடிப்புல என் கையை விட்டு எடுத்தது எதுக்கு?”

“ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஜனங்க பார்க்க மாட்டாங்க. அதான் வெட்டியிருப்பாங்க.”

அவனை அறைந்திருக்கலாம். பாரம் கேட்டேன். ஆறாம் வகுப்புவரை படித்த கை, மெதுவாகத்தான் எழுதும். எழுதி முடித்து, நகலில் முத்திரை குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாலாம் நாள் மத்தியானம் மண் இறங்கியது. நான் மலையில் இருந்தேன். மழை நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஓடி வந்தபோது சமையலறைச் சுவர் உள்ளே சாய்ந்திருந்தது. அடுப்பு தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் அன்று சிரித்த அதே வங்காளதேசத்துக்காரர்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்காரரை மெத்தையோடு தூக்கிக் கோயில் மண்டபத்தில் போட்டிருந்தார்கள். அவர் இடது கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் ஒய்.பி. வந்தார். அதே பெண், அதே கேமரா. நேராக மெத்தைக்கு எதிரே போய்க் கேமராவைத் தூக்கினாள். நான் நடுவில் நின்றேன்.

“எடுக்காதே.”

“ஜனங்களுக்குத் தெரியணும் இல்லையா ஆன்ட்டி?”

“ஒரு மாசத்துக்கு முந்தித் தெரிஞ்சிருக்கணும்.”

“அக்கா, உங்க கோபம் புரியுது. வீடியோ போட்டாதான் ஆபீசருங்க அசையிறாங்க” என்றார் ஒய்.பி.

“அப்ப அன்னைக்கு எடுத்ததைப் போடுங்க ஐயா. வெடிப்பு இருக்கும், என் கை இருக்கும், இவரு கட்டில் இருக்கும். அதைப் போட்டுட்டு வாங்க. அப்புறம் இவரை எடுக்கலாம்.”

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“அது அழிச்சாச்சு ஒய்.பி.” என்றாள் மெதுவாக.

ஒய்.பி. குனிந்து என் வீட்டுக்காரரின் காலைத் தொட்டார். அது உணர்ச்சி இல்லாத கால். பிறகு போய்விட்டார்.

அடுத்த நாள் ஆட்கள் வந்து மேட்டின் மேல் நீலக் கேன்வாஸ் விரித்தார்கள். கால்வாயை யாரும் தொடவில்லை. கேன்வாஸ் விரித்ததும் வீடியோவாக வந்திருக்கிறது, நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். நான் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் இன்னும் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில், அதே மெத்தையில்தான் படுத்திருக்கிறார். மெத்தையிலும் குளிர் ஏறி முதுகு புண்ணாகிறது. கால்வாய் அடைப்பை எப்போது எடுப்பீர்கள், இவரை எப்போது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று கேட்டு இரண்டாவது பாரம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை பதில் கேட்டுப் போவேன். பதில் தாளில் வேண்டும், கீழே கையெழுத்து வேண்டும். அது வரும்வரை திங்கட்கிழமைதோறும் சேவை மையத்தின் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன்.