அடுப்பங்கரை மூலையில் ஒரு ஜாடி

என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கவே, வருஷா வருஷம் செய்வதுபோல ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்துத் திராட்சை ஒயின் போட்டு, அடுப்பங்கரை மூலையில் ஜாடியை வைத்தேன். பண்டிகைப் பண்டம்தானே! அதுவும் குடிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன்பின் அவர் வீட்டில் நிலைகொள்ளவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய்விடுவார். மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஒரு சாயங்காலம், கையில் ஜெபமாலையோடு பின்னாலேயே போனேன். கள்ளுக்கடைத் தெரு வந்ததும் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தேன். அவரோ அதைத் தாண்டிப் போய்ச் சாந்தோம் கடற்கரை மணலில் உட்கார்ந்தார்.

"எங்கே, வாயை ஊதுங்க!" என்றேன்.

ஊதினார். ஒரு வாடையும் இல்லை.

"இன்னா ஞானம், போலீசுல சேர்ந்துட்டியா?" என்று சிரித்தவர், உடனே அழுதுவிட்டார். "அந்த ஜாடி வாசனை என்னைக் கூப்ட்டுக்கினே கீது. நீ ஆசையா போட்டது. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

வீட்டுக்கு வந்ததும் இருவருமாக ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தோம். சந்தேகப்பட்டதற்கு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எங்கள் பண்டிகைக்கு எலுமிச்சை சர்பத்துதான். அவர் முகம் மாறினால் வாயை முகர்ந்து பார்ப்பதில்லை, "இன்னாங்க பண்ணுது?" என்று கேட்டுவிடுகிறேன். சில நாள் சொல்வார். சில நாள் பேசாமல் செருப்பை மாட்டுவார். நானும் கூடவே கடற்கரைக்கு நடக்கிறேன்.