மெர்ஸி அக்காவின் சனிக்கிழமை வகுப்பு

என் கூடப்பிறந்த அக்காவின் மகள் ஷீபா ஜெர்மன் படிக்கிறாள். படிக்கிறாள் என்றால், ராஜபாளையத்தில் என் வீட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். நர்ஸ் படிப்பு முடித்த பெண். அடுத்த மாதம் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர வேண்டும். விசா வந்தாயிற்று. நேற்று பாடம் முடிந்ததும், "இந்தப் பாடம் எப்படி இருந்தது?" என்று போன் அவளிடம் கேட்டது. ஐந்து நட்சத்திரத்தையும் தட்டிவிட்டாள்.

"எல்லாம் புரிஞ்சுதாட்டி?" என்றேன்.

"புரிஞ்சிட்டு சித்தி."

அதற்கும் ஒரு தலையாட்டல். மற்ற சித்திமார்களுக்குச் சர்க்கரை, மூட்டுவலி என்று கவலைகள் இருக்க, எனக்கு ஒரு பெண் தலையை ஆட்டுவது கவலையாக இருக்கிறது. காரணம் உண்டு. நான் ஒரு காலத்தில் ஜெர்மன் பாடங்களுக்கு மார்க் போடும் வேலையில் இருந்தவள். சிரிக்காதீர்கள். எனக்கு ஜெர்மன் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு மாடி அறை. கீழே பால்கோவா கிண்டும் இடம். காலையிலிருந்து பால் சுண்டும் வாசனை படியேறி வந்து வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் அடுப்பில் பால் கொஞ்சம் அடிப்பிடித்தால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது. என் அடுப்பில் அடிக்கடி பிடிக்கும் என்பது வேறு விஷயம். வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கு அங்கே மொழி சொல்லிக்கொடுத்தார்கள். வரவேற்பு, போன், டீ எல்லாம் நான்தான். அதோடு பின்பெஞ்சில் உட்கார்ந்து பாடம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். அதற்கு முதலாளி எனக்குக் கொடுத்த பயிற்சி இவ்வளவுதான்: "பிள்ளைக சிரிக்காளா, தூங்காம இருக்காளா, அடுத்த மாசமும் வாராளா. இம்புட்டுத்தாம்மா பாக்கணும்."

அந்தக் கணக்கில், வாரநாளில் பாடமெடுக்கும் சாருக்கு முழு மார்க். கோயம்புத்தூர்க்காரர், இளவயசு. பந்தைத் தூக்கிப் போடுவார், பிடித்தவள் ஒரு ஜெர்மன் சொல் சொல்ல வேண்டும். பாட்டு, கைதட்டல், மிட்டாய். அறையே அதிரும். கீழே பால் கிண்டுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். "புரியுதா?" என்பார். முப்பது தலைகளும் ஆடும். எனக்குச் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடமே நடத்துவதுபோல் பெருமையாக இருக்கும்.

சனிக்கிழமை வருவது மெர்ஸி அக்கா. அவரும் நர்ஸ், சில வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிடுவார். பல்செட்டைக் கழற்றி வைத்த கிழவிபோல வாயை உள்ளே இழுத்துக்கொண்டு ஜெர்மனில் முனகுவார். ஒருத்தி பக்கத்தில் போய் நின்று கவனிக்க வேண்டும்.

போனவள் சிரிப்பாள். "யா, யா" என்று தலையாட்டுவாள். மெர்ஸி அக்கா படுத்தபடியே தமிழில் கேட்பார்: "நான் இப்ப என்ன சொன்னேன்?"

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்ப்பாள்.

"புரியலன்னு சொல்லுதியா, இல்ல நான் இப்படியே சாகட்டுமா?"

'வீ பிட்டே?' என்று கேட்க வேண்டும். என்ன சொன்னீர்கள் என்று அர்த்தம். அந்த வகுப்பில் நான் கற்ற ஒரே ஜெர்மன் அதுதான். அதைச் சொல்லும்வரை ஒருத்தியும் பெஞ்சை விட்டு நகர முடியாது. எளிய சொல்தானே என்று தோன்றும். நம் பெண்களுக்கு அது வாயில் வராது. வீட்டில் திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரைத் திருப்பிக் கேட்டால் காது கேட்காதா என்பார். தலையாட்டித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

கான்சாபுரத்து செல்வி ஒருநாள் அழுதேவிட்டாள். "அவிய எம்புட்டுப் பெரியவிய, திரும்பத் திரும்பக் கேட்டா கோவப்பட மாட்டாவளாக்கா?"

"கோவப்படட்டும். கோவப்பட்டாலும் திருப்பிச் சொல்லுவாவ" என்றார் மெர்ஸி அக்கா.

இதற்கெல்லாம் என்ன மார்க் போடுவது? ஒருத்தியும் சிரிக்கவில்லை. தூங்கவில்லை, அது உண்மை. வகுப்பு முடிந்ததும் படியில் நின்று, "எதுக்குக்கா பிள்ளைகள இப்படிப் போட்டு வாட்டுதீய?" என்று கேட்டேன். வாழையிலைத் துண்டில் சூடாகப் பால்கோவா வாங்கியிருந்தார். அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

அவர் வேலை பார்த்த இல்லத்தில் ஒரு கிழவி. தினமும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ பேசுவாளாம். அந்த ஊர்க் கொச்சை, பல்லும் கிடையாது, ஒன்றும் விளங்காது. இவர் சிரித்துச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறார். கிழவிக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் இறந்த பிறகு மகள் வந்திருக்கிறாள். அம்மாவும் மகளும் பல வருடம் பேசாமல் இருந்தவர்களாம்.

"'எம்மகளுக்குச் சொல்ல வேண்டியத எல்லாம் மெர்ஸிகிட்ட சொல்லிட்டேன்'னு அந்தம்மா எல்லார்ட்டயும் சொல்லிருக்கு. மக வந்து என் முன்னால நின்னு, 'எங்கம்மா என்ன சொன்னாங்க'ன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

இலையை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். என்னாலும் அதைத் தின்ன முடியவில்லை.

எனக்குத் தெலுங்கு வந்த விதம் அன்று பஸ்ஸில் ஞாபகம் வந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். பாண்டி ஆடும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது சொன்னால் 'ஏமி? ஏமி?' என்று கத்துவோம். என்ன, என்ன என்று அர்த்தம். நாங்கள் படித்த முதல் தெலுங்கு அதுதான். புரியாமல் தலையாட்டினால் ஆட்டம் போய்விடும், யார் தலையாட்டுவார்கள்? ஒரு வருடத்தில் தெலுங்கில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டோம்.

முதலாளியிடம் சொன்னேன். "மெர்ஸிக்கா கிளாஸ்தான் சார் கிளாஸ்."

"இருக்கலாம்மா. பிள்ளைக வரணும்லா?"

சனிக்கிழமைகளில் கூட்டம் குறைந்துகொண்டே போனது. பிறகு வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். செல்வி மட்டும் ஜெர்மனி போய் ஒருமுறை போனில் பேசினாள். "முதல் மாசம் பூரா வீ பிட்டே, வீ பிட்டேன்னே ஓட்டுனேங்க்கா. எல்லாரும் திட்டுனாவ. திட்டித் திட்டியே சொல்லிக்குடுத்துட்டாவ."

இப்போது அந்த மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. கீழே பால் கிண்டுவதில்லை, செல்போன் கடை. மெர்ஸி அக்காவின் பழைய எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளும் இப்போது வெளியே வந்து ஆடுவதில்லை. 'ஏமி?' என்று ஒரு குரல் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் இன்று மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். ஷீபா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் கட்டிலில் படுத்து, வாயை உள்ளே இழுத்துக்கொண்டு, தெலுங்கில் முனகினேன். அவளுக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. அவள் போனைக் கீழே வைத்தாள். குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை, அவ்வளவு அன்பாகச் சிரித்தாள்.

"சரி சித்தி" என்று தலையாட்டினாள்.

நான் கேட்டது தண்ணீர். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நானே எழுந்துபோய்க் குடித்தேன்.