கியூபாக்காரர் பாட்டும் சாவு அடியும்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் திருப்பத்தூரில் ஒரு பேண்டு செட்டில் சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்தவன் என்று மாஸ்டருக்கு என்மேல் எப்போதும் இளக்காரம். வாத்தியம் அவருடையது. ஆளுக்கு ஒரு வாத்தியம்தான் என்பது அவர் போட்ட சட்டம். எனக்கோ புல்லாங்குழலும் வரும்.

ஒரு நாள் ரேடியோவில் முள்ளைத் திருகும்போது கியூபாக்காரர் ஒருவரின் கச்சேரி சிக்கியது. கறுப்பர், ஜாஸ் கலைஞர், நடனக் கூடங்களில் ஊதத் தொடங்கி உலகமெல்லாம் போனவர் என்று அரைகுறையாகப் புரிந்தது. அடியில் தோல் வாத்தியங்கள் துள்ள, ஒரே பாட்டின் நடுவில் சாக்ஸபோனை விட்டுப் புல்லாங்குழலுக்கு மாறினார். கூட்டம் கைதட்டியது. எங்கள் மாஸ்டராக இருந்தால் வைதிருப்பார்.

சந்தவாசலில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் அந்த மெட்டை எடுத்தேன். டிரம்காரர் துள்ளலைப் பிடித்துக்கொண்டார். நான் இடுப்பில் செருகியிருந்த என் குழலுக்கு மாறிய நேரம், மாப்பிள்ளையின் சித்தப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா இது? கல்யாணத்துல சாவு அடி அடிக்கிறீங்க? எவன் வூட்ல பொணம் வுழுந்துச்சு?"

பாடைக்கு முன்னால் பறையில் அடிக்கிற அடிபோலத்தான் இருந்தது. இருந்தால் என்ன? அதில் என்ன தீட்டு ஒட்டியிருக்கிறது? மாஸ்டர் அவரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நடுத்தெருவில் என் கழுத்திலிருந்து சாக்ஸபோனைக் கழற்றினார்.

ஆடி மாதத்தில் அதே சித்தப்பா மாஸ்டரைத் தேடி வந்தார். அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார்.

"அன்னிக்கு ஊதுனாரே மலைக்காரரு, அவர அனுப்புங்க. அந்தப் பாட்டையே ஊதட்டும்."

ஊதினேன். பாடைக்கு முன்னால் தெருவே ஆடியது. சித்தப்பா அழுதபடியே துண்டைச் சுழற்றி ஆடினார். இவ்வளவு நன்றாக ஆடத் தெரிந்த பாவிகள்தானே அன்றைக்கு மரம்போல நின்றார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

சாவு முடிந்ததும் மாஸ்டர் சாக்ஸபோனைத் திருப்பி வாங்காமல் என்னிடமே விட்டுவிட்டார். "இனிமே சாவுக்கு நீ. கல்யாணத்துக்கு வேற ஆளு."

அதற்கு அடுத்த தை மாதம் மலையில் என் தங்கைக்குக் கல்யாணம். வாத்தியத்தை மாட்டிக்கொண்டு ஏறிப் போனேன். அம்மா என்னை வாசலிலேயே மறித்தாள்.

"சாவுக்கு ஊதுற வாய்டா அது. இன்னிக்கு வேணாம்."

கீழேயிருந்து வேறொருவனை வரவழைத்திருந்தார்கள். என் தங்கைக்கு அவன்தான் ஊதினான்.